தூங்கி விழுந்த டிரைவரைத் தூக்கி நிறுத்திய பெருமாள்

ஏழுமலையானை நம்பிப் பிழைக்கும் எல்லோருக்கும், புத்தலப்பட்டுப் பக்கத்திலிருந்து ஸ்கூல் வேன் ஓட்டும் முனிரத்தினம் கும்பிட்டு எழுதுவது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பேனா பிடித்ததே கையெழுத்துப் போடத்தான். ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. அவ்வளவு சந்தோஷம்! அதனால் தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வருடம் ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, பதினாறு பிள்ளைகளை வேனில் வைத்துக்கொண்டு நான் தூங்கிவிட்டேன்.

மாங்காய் சீசன். ஜூஸ் ஃபேக்டரிக்குப் போகும் டிராக்டர்கள் ரோட்டோரம் வரிசையாக நின்றிருந்தன. ஒரு டிராக்டரைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்து ஞாபகம் இருப்பது, முன்கண்ணாடி முழுக்கக் கரும்புத் தோகைதான். பக்கத்து சீட்டில் இருந்த என் மகள் ஹேமா, "நைனா! நைனா!" என்று கத்திக்கொண்டு என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். வேன் ரோட்டை விட்டு இறங்கி, வரப்பைத் தாண்டி, அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சியிருந்த தோட்டத்துக்குள் மூக்கை நுழைத்து நின்றிருந்தது. ஈர மண் சக்கரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. இறங்கிப் பார்த்தேன். பத்தடி தள்ளிச் சுற்றுச்சுவர் இல்லாத ஒரு கிணறு.

ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. டிபன் பாக்ஸ்கள் மட்டும் திறந்துகொண்டு சீட்டெல்லாம் உப்புமா. பின் சீட்டுப் பொடிசுகள் கைதட்டிச் சிரித்தன. "அண்ணா, இன்னொரு தபா போ!" என்று கேட்டன. நானும் சிரித்தேன். தோட்டத்தில் வேலையாக இருந்தவர்கள் ஓடிவந்து வண்டியைத் தள்ளி ரோட்டில் ஏற்றிவிட்டார்கள். நாய் குறுக்கே வந்துவிட்டது என்று அவர்களிடம் சொன்னேன். ஸ்கூலிலும் அதையே சொன்னேன். வீட்டுக்கு வந்து என் மனைவி குமாரியிடமும் அதையே சொன்னேன்.

அப்போது என் எடை நூற்று நாற்பத்து மூன்று கிலோ.

குண்டாக இருப்பதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எங்கள் தாத்தா காலத்தில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போய் அரை வயிறு சாப்பிட்டவர்கள். என் நைனா கஷ்டப்பட்டு ஒன்றரை ஏக்கர் வாங்கிக் கரும்பு வைத்தார். அவருக்கு நான் தளதளவென்று வளர்ந்து நிற்பதுதான் பெருமை. "எம் புள்ள துன்றத பாரு" என்று ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவார். எட்டு இட்லி என்பது எனக்குத் தொட்டுக்கொள்ள! கல்யாண வீட்டில் எனக்கென்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வைப்பார்கள். வேனில் ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கிறது என்று வெல்டிங் கடையில் சீட்டை வெட்டிப் பின்னால் தள்ளிப் போட்டேன். சீட் பெல்ட்டைப் போட முடியாது. மடியில் பரப்பிக்கொள்வேன், போலீஸ்காரருக்குப் போட்ட மாதிரி தெரியட்டும் என்று.

தூக்கம்தான் என்னை விடாது. டீக்கடையில் கிளாஸைக் கையில் பிடித்தபடி தூங்குவேன். முடிவெட்டும் நாற்காலியில் தூங்குவேன். திருமலையில் தரிசனத்துக்கு அடைத்து வைத்திருக்கும் ஹாலில் நின்றபடியே தூங்கி, முன்னால் நின்ற கர்னூல்காரர் மேல் சாய்ந்ததில் அவர் குடும்பமே அலறியது. என் குறட்டைக்குப் பயந்து மாட்டைக் கொட்டகையில் இடம் மாற்றிக் கட்டினோம். இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோமே தவிர, இது ஒரு நோய் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தூக்கம் எப்படி நோயாகும்?

கரும்புத் தோட்டத்தில் இறங்கிய அன்று சாயந்திரம் பூஜை அலமாரி முன்னால் நின்றேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும், அதனால் நின்றபடியே அழுதேன். "பெருமாளே, வேற தொழில் தெரியாது. ஊரான் புள்ளைங்கள வெச்சிகினு தூங்கறேன். எடுத்துக்கப்பா, இத எங்கிட்ட இருந்து எடுத்துக்கோ. எடைக்கு எடை வெல்லம் குடுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் கரும்புதான் சாமி, வெல்லம்தான் பொன். துலாபாரம் என்றால் எங்களுக்கு வாயில் முதலில் வருவது வெல்லம். தராசின் ஒரு தட்டில் நாம் உட்கார, மறு தட்டில் அதே எடைக்கு வெல்லம் வைத்துச் சுவாமிக்குக் கொடுப்பது. என்ன ஏது என்று யோசிக்காமல் வேண்டிக்கொண்டேன்.

பெருமாள் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பித்தார் என்று பாருங்கள். மறுநாள் காலையில் வேன் சாவியைக் காணோம்!

சாவி குமாரியின் இடுப்பில் இருந்தது. ஹேமா சொல்லிவிட்டாள். "நாயும் வர்ல, நரியும் வர்ல. நைனா தூங்கினு இருந்தாரு" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். குமாரி கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசினால்தான் எனக்குப் பயம்.

"பதினாறு ஊட்டுக்கும் நீயே போய் சொல்றியா, நான் போய் சொல்லட்டா?"

"சொன்னா அப்பறம் எவன் புள்ளய அனுப்புவான்?"

"அனுப்ப மாட்டாங்க. நானா இருந்தா அனுப்புவனா?"

போனேன். என் மச்சான் சேகர் அன்றைக்கு வண்டியை ஓட்ட, நான் மூன்று ஊர்களில் பதினாறு வீட்டு வாசலிலும் போய் நின்றேன். ஆயுளில் அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. சிலர் திட்டினார்கள். சிலர் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். ராஜம்மா என்று ஒரு அம்மா, தறிக்கூடத்தில் வேலை செய்த நகரிக்காரி, எங்கள் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் தவறிவிட்டான். ஒரே பெண் பிள்ளை, இரண்டாம் வகுப்பு. நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். "எம் பொண்ண தவர எனக்கு ஒலகத்துல எவரு கீறாங்க, சொல்லு" என்றாள். பிறகு என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பதினான்காவதோ பதினைந்தாவதோ வீட்டில் மோகன் இருந்தார். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவர் பையனும் என் வேனில்தான் வருவான். நான் சொல்லி முடித்ததும், அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கேட்டது என்ன தெரியுமா?

"கொறட்ட விடுவியா நீ? நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு உங்க ஊட்ல சொல்லிக்கிறாங்களா?"

குமாரி பத்து வருடமாகச் சொல்லும் அதே வார்த்தை! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வாசலுக்குப் போயிருப்பேனா? வாசல் வாசலாக என்னை அவமானப்பட வைத்தது எதற்கு என்று அங்கேதான் புரிந்தது. அந்த வாரமே மோகன் என்னைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனார்.

ஆஸ்பத்திரியில் தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு நாற்பது தடவைக்கு மேல் எனக்கு மூச்சு நிற்கிறதாம். உடம்பு நாற்பது தடவை பதறி எழுகிறது. அப்புறம் பகலில் தூங்காமல் என்ன செய்யும்? சோம்பேறி, தீனிப்பண்டாரம் என்று என்னை நானே திட்டிக்கொண்டதெல்லாம் வீண். மூக்கில் மாட்டிக்கொள்ளக் காற்று மெஷின் ஒன்று கொடுத்தார்கள். தூக்கத்தில் அதைப் பிடுங்கிப் போட்டுவிடுவேன். ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா என்னைப் பார்த்தார். தெலுங்குக்காரம்மா, தமிழும் நன்றாகப் பேசுவார். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்துவிடுவது பற்றிச் சொன்னார். எடை இறங்கினால் தொண்டை திறக்கும், மூச்சு திறக்கும் என்றார். இது சுலபமான வழி இல்லை, ஆயுளுக்கும் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், மாத்திரை எடுக்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். பணத்துக்கு வழி பிறந்தது தனிக் கதை. இரண்டு கறவை மாட்டை விற்றதும் என் மாமனார் கொடுத்ததும் என்று சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

இனிமேல் சொல்லப்போவது என் முட்டாள்தனம். சிரிக்காமல் படியுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

ஆவணியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு வாரம் நீர் ஆகாரம் மட்டும். மோர், பருப்புத் தண்ணீர், அவர்கள் தரும் பவுடர். கொழுப்பேறிய ஈரல் சுருங்கினால்தான் இரைப்பையை எட்ட முடியும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கத்தி வைப்பதற்கு முன்னால் வேண்டுதலைத் தீர்த்துவிட வேண்டும் என்று ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் துலாபாரத்துக்கும் ஏற்பாடு செய்துகொண்டோம்.

நீர் ஆகாரத்தில் மூன்றாவது நாள். வெல்ல மண்டித் தராசில் ஏறிப் பார்த்தேன். இரண்டு கிலோ குறைந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டியவன் நான். எனக்கோ வேறு கணக்கு ஓடியது. வேண்டிக்கொண்ட அன்றைக்கு நான் நூற்று நாற்பத்து மூன்று. தராசில் உட்காரும்போது நூற்று முப்பத்தைந்து இருந்தால்? எட்டுக் கிலோ வெல்லம் சாமிக்குக் குறைந்துபோகுமே! உயிரைக் கேட்டுவிட்டு எடையில் கை வைப்பதா? வீட்டில் கலந்து பேசினோம். அம்மா, "சாமி விசயத்துல வெளயாடாதடா" என்றாள். அதுவரை எல்லாவற்றிலும் தெளிவாக இருந்த குமாரியும் இதில் தடுமாறிவிட்டாள். சாமிக் குத்தம் என்றால் யாருக்குத்தான் பயமில்லை?

ஆகவே நான் சாப்பிட்டேன். ஆசைக்கு இல்லை, பக்திக்கு! நெய்ப் பொங்கல், இட்லி, களி, கோழிக் குழம்பு. தினமும் மண்டிக்குப் போய் எடை பார்த்து, குறைந்திருந்தால் கூட இரண்டு உருண்டை. மோகன் போன் செய்தால், "மோர்தான் குடிச்சிகினு கீறேன் சார்" என்று ஏப்பம் விட்டபடியே சொல்வேன்.

திருமலையில் தராசில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு கைக்குழந்தையை உட்கார வைத்துச் சட்டென்று முடித்தார்கள். நான் ஏறியதும் சங்கிலி கிறீச்சிட்டது. வெல்லம் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. நின்று பார்த்தவர்கள் "கோவிந்தா! கோவிந்தா!" என்றார்கள். குமாரி ஆனந்தத்தில் அழுதாள். "ஒரு கிலோ கூட கொறயலய்யா!" என்று என் காதருகே வந்து சொன்னாள். அந்த நிமிஷம் உலகத்திலேயே பெரிய பக்தன் நான்தான் என்று நினைத்தேன்.

அப்படியே மலையை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா எடை பார்த்தார். ஸ்கேன் பார்த்தார். ஈரல் வீங்கி உட்கார்ந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏமய்யா முனிரத்னம், நான் என்னா சொன்னேன், நீ என்னா பண்ணிகினு வந்திருக்கற?"

மறைக்கவில்லை. துலாபாரத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் அவருக்கும் மெல்லிசாக ஒரு கோடு திருமண் இருந்தது.

"வெல்லம் சாமிக்கு, ஒப்புக்கறேன். லிவர் எனக்கு. நீ என் பங்க பாழாக்கிட்டு வந்திருக்கற! இப்போ உன் மேல கத்தி வெச்சா நீ டேபிள்லயே போய்டுவய்யா."

ஆபரேஷன் ரத்து. இரண்டு வாரம் ஒழுங்காக இருந்து வா, இல்லையென்றால் வராதே என்று அனுப்பிவிட்டார்.

திருப்பதியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் நான் ஒருவனாக உட்கார்ந்து அழுதுகொண்டு வந்தேன். பெருமாள் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். சேகர் எத்தனை நாள் எனக்காக வண்டி ஓட்டுவான்? நான் எப்போது பிழைத்து எழுவேன்? காணிப்பாக்கம் ரோடு பிரியும் இடம் தாண்டியதும் எனக்கு ஒன்று பளிச்சென்று தோன்றியது. "எடுத்துக்கோ" என்றுதானே கேட்டேன்? அவர் எடுக்க ஆரம்பித்தார். இரண்டு கிலோ எடுத்தார். நான் அதைப் பிடுங்கி மறுபடி உடம்பில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் அவர் எடுக்க, நான் கோழிக் குழம்பு ஊற்றித் திரும்ப வாங்கியிருக்கிறேன்! பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று குமாரி பயந்துபோனாள். அவளிடம் சொன்னதும் அவளும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊட்டுக்குப் போனதும் மோரு கரைக்கறேன்" என்றாள்.

அந்த இரண்டு வாரம் ஒரு பருக்கை தொடவில்லை. பசிக்கும்போதெல்லாம், "எடுத்துக்கோ சாமி, எடுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டேன். பதினோரு கிலோ இறங்கியது. டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு வெறுமனே "ம்" என்றார். அந்த ஒரு "ம்"முக்கு நான் எத்தனை தோப்புக்கரணம் வேண்டுமானாலும் போடுவேன்!

புரட்டாசி பிறப்பதற்கு நாலு நாள் முன்னால் ஆபரேஷன் நடந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இந்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஹேமாவின் முகம் மட்டும் கண்ணுக்கு முன்னால். "கோவிந்தா" என்று ஆரம்பித்தேன், "கோ"வோடு நின்றுவிட்டது. கண் விழித்தபோது உயிர் இருந்தது. ஆபரேஷனுக்காக வயிற்றில் ஊதிய காற்றால் தோள்பட்டை வலி உயிரை எடுத்தது. அன்றைக்கே எழுப்பி வராந்தாவில் நடக்க விட்டார்கள். மருந்து ஊற்றும் குட்டிக் கப்பில் தண்ணீர் கொடுத்து, இதைக் கால் மணி நேரம் குடி என்றார்கள். சொம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்தவன் நான். அந்தக் கப்பை முடிக்க இருபது நிமிஷம் ஆனது!

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம்தான் கொடுமை. பக்கத்து வீட்டில் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு கொதித்தது. அந்த வாசனைக்கு நான் கேவிக் கேவி அழுதேன். பசி இல்லை. வயிறு கேட்கவில்லை, நாக்குதான் கேட்டது. முப்பத்தொன்பது வருடக் கூட்டாளியைத் தொலைத்த மாதிரி இருந்தது. ஏன் இதைச் செய்துகொண்டோம், இனி எனக்கு என்ன சந்தோஷம் மிச்சம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

அந்த நேரத்தில்தான் ஒரு விடியற்காலை யாரோ என் மார்பில் அடித்து, உலுக்கி, பேர் சொல்லி அலறினார்கள். பதறி எழுந்தேன். குமாரி! தலைவிரி கோலமாக நின்று அழுகிறாள்.

"இன்னாடி ஆச்சி?"

"சத்தமே இல்லய்யா! கொறட்டய காணோம்! போய்ட்டன்னு நெனச்சிட்டேன்யா!"

நான் செத்துப்போகவில்லை. தூங்கியிருக்கிறேன்! கல்யாணம் ஆனதிலிருந்து என் பக்கத்தில் படுத்தவள், நான் அமைதியாகத் தூங்கி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்கிறாள். எழுந்து வெளியே வந்தேன். தலையில் பாரம் இல்லை. கண் எரியவில்லை. தென்னை மரம், மாட்டுக் கொட்டகை, எதிர் வீட்டுக் கூரை எல்லாம் கழுவி வைத்த மாதிரி தெரிந்தது. மனிதர்கள் தினமும் காலையில் இப்படியா எழுந்திருக்கிறார்கள்? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே! கிழக்கே பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஓவென்று கத்திவிட்டேன். தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன.

அதன்பிறகு மளமளவென்று இறங்கியது. ஹேமா சின்ன வயதில் சாப்பிட்ட கிண்ணம்தான் இப்போது என் தட்டு. அரை இட்லியை இருபது நிமிஷம் மெல்லுவேன். அவசரப்பட்டால் அப்படியே வெளியே வந்துவிடும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. முட்டை, பருப்பு, மீன் முதலில், சோறு கடைசியில். கல்யாண வீட்டில்தான் பெரும்பாடு. இலையில் இரண்டு கரண்டி வைத்து எழுந்தால் பெண் வீட்டாருக்குக் கோபம். "சாப்பாடு சரியில்லயா மாமா?" என்று கேட்பார்கள். இப்போது முதலிலேயே சமையல்காரரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் அன்று ஆசை அடங்காமல் புது வெல்லத்தில் ஒரு துண்டு வாயில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் படபடவென்று நெஞ்சு அடித்து, வேர்த்துக் கொட்டி, கட்டிலில் விழுந்தேன். கரும்புக்காரன் பிள்ளைக்கு வெல்லம் ஆகவில்லை! நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஆறு மாதத்தில் வளரும் என்றார்கள், வளர்ந்தது. தொடையிலும் வயிற்றிலும் தோல் தொங்குகிறது. அது இருக்கட்டும், என்னை விட்டுப் போக அதற்கு மனசில்லை போலிருக்கிறது.

ஊர் சும்மா இருக்குமா? குண்டாக இருந்தபோது சிரித்தவர்கள் இப்போது துக்கம் விசாரித்தார்கள். "சுகரா முனிரத்னம்?" என்றார்கள். "உள்ளுக்குள்ள பெரிய வியாதி, சொல்ல மாட்றான்" என்றும் பேசிக்கொண்டார்கள். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் கூடப் படித்தவன் ஒருவன் என்னைப் பார்த்தும் தெரியாமல் தாண்டிப் போனான். நான் ஓடிப்போய் முதுகில் தட்டினேன். கவனியுங்கள், ஓடிப்போய்!

பங்குனியில் மறுபடி ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். மூச்சு சீராக இருந்தது. மெஷின் வேண்டாம், வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பேப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உடம்பு சரியாகிவிட்டது. ஆனால் நான் கேட்டது வெறும் உடம்பு இல்லையே. பிள்ளைகளைக் கேட்டேன். அதைக் கொடுப்பது டாக்டர் கையில் இல்லை.

ஸ்கூல் திறப்பதற்கு முன்னால் பேப்பரோடு பதினாறு வாசலுக்கும் மறுபடி போனேன். சிலருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் பார்க்கலாம் என்றார்கள். ராஜம்மா பேப்பரை வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கடுதாசி நல்லாத்தான் கீது. எனக்கு கடுதாசி வேணாண்ணா. நானும் வண்டியில வரேன். ஒரு வாரம் உன் கண்ண பாத்துகினே வரேன். அப்பறமா சொல்றேன்."

அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஒருத்தி இப்படிச் சொன்னால் அந்தப் பயம் எவ்வளவு பெரியதாக இருக்கும்! வா தங்கச்சி என்றேன்.

முதல் நாள் எனக்குப் பின் சீட்டில் நேராக உட்கார்ந்தாள். உள் கண்ணாடியில் என் கண்ணும் அவள் கண்ணும்தான். சித்தூர் வரை அவள் இமைக்கவில்லை. நானும் பயத்தில் இமைக்கவில்லை. போகும்போது பிள்ளைகளோடு வருவாள், திரும்பும்போது காலி வண்டியிலும் என் கண்ணைப் பார்த்தபடியே வருவாள். செவ்வாய், புதன், வியாழன், எல்லா நாளும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை லேசாகத் தூறல் போட்டது. டிராக்டர் வரிசைக்குப் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். வண்டிக்குள் சத்தமே இல்லையே என்று கண்ணாடியைப் பார்த்தேன். பொடிசுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. ராஜம்மாவும் தூங்கிக்கொண்டிருந்தாள். மகளை மடியில் போட்டுக்கொண்டு, ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழலாம் என்றால், நின்றால் அவள் விழித்துவிடுவாளே! பள்ளம் மேட்டில் குலுங்காமல், ஹாரன் அடிக்காமல், பெருமாளே பெருமாளே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். திங்கட்கிழமையிலிருந்து அவள் வரவில்லை. பெண்ணை மட்டும் ஏற்றிவிட்டாள். பார்க்கலாம் என்றவர்களும் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை அனுப்ப ஆரம்பித்தார்கள்.

உங்களில் யாருக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. உடம்போ, மனசோ, வெளியே சொல்ல முடியாத வெட்கமோ, எதுவாக இருந்தாலும் அவரிடம் போய் அழுங்கள். அழுத கையோடு டாக்டரிடமும் போங்கள், அவரே அனுப்பி வைக்கிற இடம்தான் அது. ஒளிக்காதீர்கள். நம்பிக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்காதீர்கள். எனக்கு இப்போது தொண்ணூற்று நாலு கிலோ. காலை ஏழே முக்காலுக்கு வண்டியை எடுக்கிறேன். பின்னால் பதினாறு பிள்ளைகளும் தூங்குகிறார்கள். நான் முழித்துக்கொண்டிருக்கிறேன்.